முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போடலாமா?

அண்ணன்மார், ஆச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போடலாமென்று பேச்சு. சாரல், தூசி இல்லாமல் அப்பத்தா வெளிச்சத்தில் உட்காரலாம், தொட்டியில் செடி வளர்க்கலாம். எனக்கும் ரொம்ப ஆசை. ஆனால் வீட்டுச் சூடு மேலேறி வெளியே போவதே அந்தத் திறப்பு வழியாகத்தானே? இப்போதே சித்திரை மத்தியானம் முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியாது. மூடிவிட்டால் சுற்றுத் தாழ்வாரமும் கொதிக்குமே.

கூரையை இரண்டடி தூக்கி, பக்கவாட்டில் காற்றுப் போக இடம் விட்டு யாராவது போட்டிருக்கிறீர்களா? பழைய சுண்ணாம்புச் சுவர் இரும்புச் சட்டத்தைத் தாங்குமா? ஓட்டிலிருந்து வடியும் மழைத் தண்ணீரை எப்படித் திருப்பினீர்கள்? இல்லை, பின்கட்டில் வடக்குப் பார்த்துத் தனிக் கண்ணாடி அறை கட்டுவதுதான் மேலா? விவரம் தெரிந்த கொத்தனார் இருந்தாலும் சொல்லுங்கள்.