மூட்டு மாற்றி மூன்று வாரம்: மகளின் பிரசவத்துக்குள் தேறிவிடுவேனா?

கேள்வி: மேற்கு மாம்பலம் அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் வயது 61. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. தையல் பிரித்தாகிவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுகிறேன். முழங்கால் 80 டிகிரி வரை மடங்குகிறது. லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் கணவர், 84 வயது மாமியார் ஆகியோருடன் வசிக்கிறேன். மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, அடுப்படியில் நின்று, நலம் விசாரிக்க வருகிறவர்களுக்குக் காபி கலந்து கொடுத்து நிமிர்வதற்குள் பதினொரு மணி ஆகிவிடுகிறது. பயிற்சி பாதி நாள் தட்டிப்போகிறது. மாலையில் கால் வீங்கிவிடுகிறது.

அடுத்த மாதம் மகளுக்கு வளைகாப்பு நடத்தி, முதல் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். பிரசவத்துக்கு இன்னும் மூன்றரை மாதம் இருக்கிறது. என் அம்மா மனையில் அமர்ந்து, இரு கால்களையும் நீட்டி, என் பிள்ளைகளைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பேரக்குழந்தையை நானும் அப்படிக் குளிப்பாட்ட முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: அடையாறு வாசகி

எனக்கு இரண்டு முழங்கால்களும் மாற்றியாகிவிட்டன. இரண்டுக்கும் இடையே ஒன்றரை ஆண்டு இடைவெளி. முதல் முறை நானும் உங்களைப் போலத்தான் இரண்டாம் வாரமே சமையலறையில் போய் நின்றேன். நடக்கிறோமே, அதுவே பயிற்சிதானே என்று நினைத்துக்கொண்டேன். ஆறாம் வாரம் மருத்துவர் அளந்து பார்த்தபோது முழங்கால் 75 டிகிரியிலேயே நின்றுவிட்டிருந்தது. அதன்பிறகு அதை மடக்குவதற்குப் பட்ட பாடு அறுவை சிகிச்சையைவிடப் பெரிது.

இரண்டாம் முறை என் மகன் ஒரு தாளில் பயிற்சி நேரங்களை எழுதி வாசற்கதவில் ஒட்டிவிட்டான். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளாமல், நாளைக்கு நான்கு முறை, முறைக்கு இருபது நிமிடம் என்று பிரித்துக்கொண்டேன். வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துத் தொடங்கினால் கால் நன்றாக ஒத்துழைக்கிறது என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் காபி கலப்பதும் உங்கள் கணவரால் ஆகாத காரியங்கள் அல்ல. கேட்கத்தான் நமக்கு வாய் வருவதில்லை. காய் நறுக்குவதை மட்டும் உயரமான நாற்காலியில் அமர்ந்து செய்யுங்கள், போதும்.

பதில்: பிசியோதெரபிஸ்ட், நங்கநல்லூர்

அம்மா, மூன்றாம் வாரத்தில் 80 டிகிரி என்பது சற்றுக் குறைவுதான். ஆனால் இப்போதிலிருந்து முறையாகச் செய்தால் எட்டிப்பிடித்துவிடலாம். மடக்குவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், நீட்டுவதை மறந்துவிடுகிறார்கள். சுகமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள்; கால் வளைந்தபடியே இறுகிவிடும். குதிகாலுக்கு அடியில் வைத்து முழங்காலை அந்தரத்தில் விடுங்கள். வீக்கத்துக்குக் காரணம் நெடுநேரம் நிற்பதே. பிற்பகலில் படுத்து, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தி, துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை 15 நிமிடம் வையுங்கள். அக்கம்பக்கத்தார் தைலம் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தழும்பின்மேல் தேய்க்க வேண்டாம்.

மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே. ஆடுசதையில் புதிதாக வலியோ இறுக்கமோ தோன்றினால், புண்ணில் நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென மூச்சு வாங்கினால் 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

குளிப்பாட்டும் விஷயத்துக்கு வருகிறேன். காலை நீட்டுவதில் தவறில்லை. ஈரத்தரையில், தாழ்ந்த மனையில் அமர்வதும், வழுக்கும் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்திருப்பதுமே ஆபத்து. மேசைமேல் தொட்டியை வைத்து, பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்து குளிப்பாட்டலாம். சென்னையில் வீட்டுக்கே வந்து குளிப்பாட்டும் அம்மாமார்களும் கிடைக்கிறார்கள். அவர் குளிப்பாட்டட்டும், துவட்டிச் சாம்பிராணி காட்டுவது உங்கள் பங்காக இருக்கட்டும். தரையில் அமர்வதைப் பற்றி உங்கள் அறுவை மருத்துவரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.

பதில்: அண்ணா நகர், ஒரு மகன்

என் அப்பாவுக்குச் செய்தபோது முதல் மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவைத்தோம். பாதியில் உட்கார இடமிருக்கிறது என்ற தைரியத்திலேயே அவர் படியேறினார். வாக்கரின் முன்கம்பியில் ஒரு துணிப்பையைக் கட்டிவிட்டால் கைப்பேசிக்காக யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கால்மிதிகளையெல்லாம் எடுத்துவிடுங்கள். பிறகு மெட்ரோவில் போகும்போது சோதனைக் கருவி ஒலி எழுப்பலாம்; மூட்டு மாற்றியிருப்பதாகச் சொன்னால் கையால் சோதித்து அனுப்பிவிடுவார்கள்.

மீண்டும் மேற்கு மாம்பலம் அம்மா

அனைவருக்கும் நன்றி. தலையணையை இத்தனை நாளும் முழங்காலுக்கு அடியில்தான் வைத்திருந்தேன். வளைகாப்பில் நாற்காலியில் அமர்ந்தே வளையல் அடுக்குவேன் என்று சம்பந்தி அம்மாளிடம் சொன்னேன். தனக்கும் பக்கத்தில் ஒன்று போடச் சொல்லிவிட்டார். கதவில் தாள் ஒட்ட வேண்டியிருக்கவில்லை. நேற்று மாலை யாரோ மணி அடித்தபோது என் மாமியார் மெல்ல எழுந்து போய், "அவள் காலை மடக்கிக்கொண்டிருக்கிறாள், அரை மணி கழித்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.