தெரிந்த சொல்தான் காலை வாரும்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காதில் விழுபவை

தெரியாத சொல் என்றால் கேட்டுவிடுவோம். தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போதுதான் ஏமாறுகிறோம். வட இங்கிலாந்தில் பல வீடுகளில் 'டீ' என்பது மாலை ஐந்து, ஆறு மணிக்குச் சாப்பிடும் முழுச் சாப்பாடு. மதியச் சாப்பாடுதான் 'டின்னர்'. டீக்கு வாருங்கள் என்று அழைத்தால் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள். டின்னருக்கு என்றால் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

'ஹாஃப் செவன்' என்றால் ஆறரை இல்லை, நம் ஏழரையேதான். ஜெர்மன்காரர்கள் இதே அமைப்பை ஆறரைக்குச் சொல்வதால் அவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நிற்பார்கள். யார்க்‌ஷயரில் 'நைன் வைல் ஃபைவ்' என்று கடைக்காரர் சொன்னால் ஒன்பதிலிருந்து ஐந்து வரை கடை திறந்திருக்கும். அங்கே 'வைல்' என்றால் 'வரை'.

*

பன்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே உருண்டை ரொட்டி மான்செஸ்டரில் 'பார்ம்', நாட்டிங்ஹாமில் 'காப்', கவன்ட்ரியில் 'பேட்ச்', ஷெஃபீல்டில் 'பிரெட்கேக்'. நியூகாசிலின் 'ஸ்டாட்டி' மட்டும் வேறு சரக்கு: தட்டையாக, அகலமாக, மென்று சாப்பிடும்படி கெட்டியாக இருக்கும். வம்பு 'டீகேக்'கில்தான். லங்காஷயரிலும் மேற்கு யார்க்‌ஷயரிலும் சில ஊர்களில் அது வெறும் பன். மற்ற இடங்களில் உலர்திராட்சை போட்ட இனிப்பு பன். முட்டையும் பேக்கனும் வைத்துக் கேட்பவர்கள் 'பிளெயின்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர்ப்பெயர் தெரியாவிட்டால் 'பிரெட் ரோல்' எங்கும் செல்லும்.

*

பெயர் விஷயத்தில் வேல்ஸ் நமக்கு நெருக்கம். அங்கும் அப்பா பெயரே பின்னால் வந்தது. 'ஆப்' என்றால் மகன். ஆப் ரீஸ் ஒட்டிப்போய் பிரைஸ் ஆனது, ஆப் ஹவெல் பவல் ஆனது, ஆப் ஹ்யூ பியூ ஆனது. இந்தப் பெயர்களைப் பார்த்தால் முதல் எழுத்தில் அந்த 'ஆப்' ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள், அழகான விஷயம் அது.

குடும்பப் பெயர் நிலைபெற்றபோது ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ் எனச் சில பெயர்களே ஊரை நிறைத்தன. எந்த ஜோன்ஸ் என்று தெரிய வேண்டுமே? பால்காரர் 'ஜோன்ஸ் த மில்க்' ஆனார், கறிக்கடைக்காரர் 'ஜோன்ஸ் த மீட்'.

வம்சாவளி தேடுபவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். பழைய திருச்சபைப் பதிவேடுகளில் ஜான் டேவிட்டின் மகன் வில்லியம் ஜான் என்று இருப்பான். ஒரே குடும்பம் தலைமுறைக்கு ஒரு பெயரில் நிற்கும். குடும்பப் பெயரை விட்டுவிட்டு ஊர், பண்ணைப் பெயர், ஞானஸ்நானப் பதிவிலுள்ள அப்பா பெயர் மூன்றையும் பிடித்துத் தேடுங்கள்.