ஆர்.என்.ஏஸ் எல் தூண்டி: பஃபரில் கலங்குகிறது, உதவுங்கள்

வணக்கம். நாகர்கோவில் பக்கம் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்கிறேன். வைரஸ் நுழைந்தால் செல் 2-5ஏ மூலக்கூறைச் செய்யும். அது ஒட்டியதும் ஆர்.என்.ஏஸ் எல் நொதி ஜோடி சேர்ந்து ஆர்.என்.ஏ.வை வெட்டும். 2-5ஏ சீக்கிரம் சிதையும், செல்லுக்குள் எளிதில் போகாது. அதனால் அதற்குப் பதிலாக இந்த நொதியைத் தூண்டும் சிறு மூலக்கூறு ஒன்றைச் சோதிக்கிறேன்.

டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் தெளிவாகக் கரைந்தது, பஃபரில் (நொதி வேலை செய்யும் உப்புக் கரைசலில்) விட்டதும் கஞ்சித் தண்ணி மாதிரி கலங்குகிறது. இப்போது டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதம், கூட்டினால் நொதி தாங்குமா?

அப்புறம், நொதியே சேர்க்காத குழாயிலும் ஆர்.என்.ஏ. பாதி காணோம். மழையில் கரண்ட் போனபோது செல்போன் வெளிச்சத்தில் பிப்பெட் பிடித்தேன். கையுறையோடு போனைத் தொட்டதில் ஆர்.என்.ஏ.வை வெட்டும் வேறு நொதி ஒட்டி வந்ததுதான் வினையோ?

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன். ஒப்பிட்டுப் பார்க்கக் கொஞ்சம் 2-5ஏ யாரிடமாவது இருந்தால், திருவனந்தபுரம் வரைகூட ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறி வந்துவிடுவேன்.