அப்பாவோடு சால்மன் பிடிக்க எந்த ஆறு நல்லது?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். அப்பா நாற்பது வருஷமாக சுங்கை பிறை ஆற்றில் தூண்டில் போடுகிறவர். சியாக்காப் (கொடுவா மீன்) கடித்தால் தூண்டில் நரம்பு அதிர்வதை ஆள்காட்டி விரலிலேயே கண்டுபிடித்துவிடுவார். அவரை வரும் செப்டம்பரில் ஸ்காட்லாந்துக்குக் கூட்டிப்போகிறேன். ஒரு சால்மனாவது பிடிக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை.

டே ஆறா, ஸ்பே ஆறா என்றுதான் குழப்பம். டே நல்ல அகலம். 1922-இல் ஜார்ஜினா பாலன்டைன் 64 பவுண்டு சால்மனை அங்கேதான் பிடித்தார், பிரிட்டனில் அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. ஸ்பேயில் நீரோட்டம் வேகம். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, நீளமான தூண்டிலை இரண்டு கையாலும் வீசுவதில்தான் சுகமே என்கிறார்கள். அந்த வீச்சுக்கே ஆற்றின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் இரை தேடாது, சீண்டித்தான் கடிக்க வைக்க வேண்டும். இதைச் சொன்னதிலிருந்து அப்பாவுக்குத் தூக்கமே இல்லை.

அவருக்கு 68 வயது, முட்டி வலி உண்டு. வழுக்காமல் நிற்கவோ, படகிலிருந்து வீசவோ எந்த ஆறு வசதி? வழிகாட்டியோடு ஒரு நாளுக்கு எவ்வளவு ரிங்கிட் ஆகும்? ஞாயிற்றுக்கிழமை அங்கே சால்மன் பிடிக்கத் தடை, அதனால் நாளைப் பார்த்துத்தான் டிக்கெட் போட வேண்டும். போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.