கூரைக்குள் போஸம்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

மெல்பர்ன்வாசி:
எங்கள் சீலிங்குக்குள் குடிவந்த போஸம் (மரத்தில் வாழும், வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் ஆஸ்திரேலிய விலங்கு) பிரஷ்டெயில் வகை, பூனை அளவு, புசுபுசுவென்று கறுப்பு வால். இருட்டினதும் தடதடவென்று ஓட்டம், அப்புறம் நடுராத்திரியில் அடித்தொண்டையிலிருந்து கரகரவென்று ஓர் உறுமல், திருடன்தான் வந்துவிட்டான் என்று மாமியார் முருகா முருகா என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்டரில் மஞ்சளாக மூத்திரக் கறை வேறு. ஆள் கூப்பிட்டு, பிடித்துக்கொண்டுபோய் எங்காவது காட்டில் விட்டுவிடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். எங்கள் விக்டோரியா மாநிலத்தில் போஸம் பாதுகாக்கப்பட்ட விலங்கு. கட்டடத்துக்குள் புகுந்த பிரஷ்டெயிலைக் கூண்டு வைத்துப் பிடிக்கலாம், ஆனால் அன்றைக்கே சூரியன் மறைந்ததும், அதே வளவில், பிடித்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் விட வேண்டும், இல்லையென்றால் விலங்கு மருத்துவரிடம் கருணைக்கொலைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கொடுமையாகத் தெரியும், ஆனால் காரணம் இருக்கிறது: ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை உண்டு, தெரியாத இடத்தில் விட்டால் மற்ற போஸத்திடம் கடிபட்டோ நரியிடம் மாட்டியோ பெரும்பாலும் செத்துப்போகும். இங்கே காலியான இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும்.

ஆக, ஓட்டையை அடைப்பதுதான் வழி. இறவாணத்தில் (கூரை விளிம்பில்) ஒரு பலகை விலகியிருந்தது, அதன் ஓரம் முழுக்கப் பழுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு, நாலைந்து முடி ஒட்டியிருந்தது. முதலில் அது தங்குவதற்குப் பக்கத்து மரத்தில் உயரமாக ஒரு மரப்பெட்டி கட்டினோம், கூரையைத் தொட்ட கிளைகளை வெட்டினோம், பிறகு ஒரு சாயந்தரம் அது வெளியே போனதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கம்பிவலை அடித்தோம். குட்டி உள்ளே இல்லை என்று டார்ச் அடித்து உறுதி செய்யாமல் அடைக்காதீர்கள். தாயும் குட்டியும் பிரிந்தால் தாய் சீலிங்கையே பிய்த்துவிடும்.

டாண்டெனோங் அக்கா:
எங்கட வளவில் ரிங்டெயில் வகைப் போஸம், தம்பி. சின்னது, வால் நுனி வெள்ளை, வேலிச் செடிக்குள் சுள்ளியால் கூடு கட்டியிருக்குது. கூரைப்பக்கம் வாறதில்லை, ஆனால் தோட்டம் அதின்ர ராச்சியம். தேசிக்காயை (எலுமிச்சையை) தோல் மட்டும் சுற்றிவரச் சுரண்டித் தின்றுவிட்டு, உள்ளே இருக்கிற பழத்தை வெள்ளை உருண்டையாகக் காம்பிலேயே விட்டுவிடும்! ரோசாத் துளிரும் மிஞ்சாது. வலை போடுறவர்கள் கவனம், 2021 செப்டம்பரிலிருந்து விக்டோரியாவில் வீட்டுப் பழமரத்துக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் கண் உள்ள வலை போடக்கூடாது. விரல் நுழைந்தால் அந்த வலை சரியில்லை, வௌவாலும் பாம்பும் சிக்கிச் சாகும்.

ஆக்லாந்திலிருந்து:
நீங்கள் பெட்டி கட்டிக் கொடுப்பதைப் படிக்க வேடிக்கையாக இருக்கிறது. இங்கே நியூசிலாந்தில் கதை தலைகீழ். 1837-ல் தோலுக்காகப் போஸத்தை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், காட்டு மரங்களின் துளிரையும் பறவை முட்டையையும் தின்று தீர்க்கிறது, மாடுகளுக்குக் காசநோயும் பரப்புகிறது. 2050-க்குள் நாட்டில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது அரசின் இலக்கு. பிடித்ததைத் திரும்ப வெளியே விடுவதுதான் இங்கே தப்பு. அதன் முடியை மெரினோ கம்பளியோடு சேர்த்து நெய்த காலுறை கடைகளில் விற்கிறது, குளிருக்கு அருமை, நானும் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மெல்பர்ன்வாசி:
அக்கா, தேசிமரத்துக்கு வலையைவிட அடிமரத்தில் 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு வழவழப்பான தகடு சுற்றிப் பாருங்கள், நகம் பிடிக்காது. வேலியிலிருந்தோ பக்கத்து மரத்திலிருந்தோ தாவ முடிந்தால் மட்டும் பிரயோசனமில்லை. பாச்சை உருண்டையும் மிளகாய்த்தூளும் போடலாமா என்று தனியாகக் கேட்டவருக்கு: உருண்டை வாசனை உங்கள் படுக்கையறைக்குத்தான் இறங்கும், மிளகாய்த்தூள் ஒரு மழைக்குத் தாங்காது. அந்தக் காசுக்குக் கம்பிவலை வாங்குங்கள்.