தினமும் ஓடிபி கேக்குது, ஏஜென்ட்ல குக்கி நிக்கவே மாட்டேங்குது, உதவி பண்ணுங்க

மல்லிமண்டி:
அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல கமிஷன் கடை. வெளியூர் யாவாரி ஒருத்தர் அவங்க சைட்ல ராத்திரியே ஆர்டர் போட்டுருவாரு, அதைப் பாத்துத்தேன் அப்பா எத்தனை கிலோ மல்லி எடுக்கணும்னு முடிவு பண்ணுவாரு. பைத்தான்ல பிளேரைட் (பிரவுசரக் கோட் மூலமா ஓட்டுற கருவி) வச்சு ஒரு ஏஐ ஏஜென்ட் எழுதிருக்கேன், காலைல 3:40க்கு கிரான்ல (குறிச்ச நேரத்துக்குத் தானா ஓட வைக்கிறது) ஓடி நம்ம அக்கவுண்டுக்குள்ள போயி ஆர்டரை வாசிச்சு அப்பாவுக்கு மெசேஜ் அனுப்பணும், அவ்வளவுதேன். ஆனா தினமும் லாகின் பேஜ்ல போயி நிக்குது, ஓடிபி அப்பா போனுக்குப் போகுது, அந்நேரம் அவரு ஈரக்கையோட தராசுல பூ நிறுத்துக்கிட்டு இருப்பாரு, போனை எப்புடி எடுப்பாரு? பிரவுசர் விவரத்தை ஒரு ஃபோல்டர்லயே வச்சுக்கிற லாஞ்ச் பெர்சிஸ்டண்ட் கான்டெக்ஸ்ட்தான் போட்டுருக்கேன், ப்ரொஃபைல் ஃபோல்டரும் அப்படியே இருக்கு. என்னோட சாதா குரோம்ல மூடித் தெறந்தாலும் லாகின் நிக்குது, ஏஜென்ட்ல மட்டும் நிக்கல, என்னண்டே புரியல. லாகினை ஞாபகம் வச்சுக்க சைட் பிரவுசர்ல போட்டு வைக்கிற குக்கி இதான்: (எடுத்துட்டேன்)

செல்லூர்தறி:
தம்பி மொதல்ல அந்த குக்கியை இங்கருந்து எடுங்க, இப்பவே. அது பாஸ்வேர்டு மாதிரிதான், யார் கையில கெடச்சாலும் ஓடிபி இல்லாம உங்க அப்பா அக்கவுண்டுக்குள்ள போயிரலாம். போஸ்ட்ட அழிச்சா மட்டும் பத்தாது, சைட்ல போயி எல்லா டிவைஸ்லயும் லாக்அவுட் குடுங்க, அப்பத்தான் சர்வர்ல அந்த செஷன் சாகும்.

மல்லிமண்டி:
பண்ணிட்டேன்க்கா. ரொம்ப நன்றி, இது எனக்குத் தெரியவே தெரியாது.

பைபாஸ்ரோடு:
பேஜ் லோடாகுறதுக்கு முன்னாடியே ஓடிருக்கும், அஞ்சு செகண்ட் ஸ்லீப் போட்டுப் பாருங்க.

திருமங்கலத்தான்:
ஸ்லீப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லண்ணே. தம்பி, கான்டெக்ஸ்ட்ல குக்கீஸ் எடுத்து பிரிண்ட் பண்ணி எக்ஸ்பயர்ஸ், அதாவது காலாவதி தேதி, என்ன வருதுண்டு மட்டும் சொல்லு, வேல்யூவைப் போடாத.

மல்லிமண்டி:
-1 வருதுண்ணே.

திருமங்கலத்தான்:
அப்ப இதான் விசயம். -1ன்னா தேதியே போடாத குக்கி, அதுக்குப் பேருதான் செஷன் குக்கி, பிரவுசர மூடுனா அதுவும் போயிரும். ப்ரொஃபைல் ஃபோல்டர் இருந்தாலும் அடுத்த தடவை தெறக்கும்போது அது வராது. உன் சாதா குரோம்ல நிக்குதுன்னா, விட்ட எடத்துலருந்து தொடருங்கிற செட்டிங் ஆன்ல இருக்கும், அப்ப மட்டும் குரோம் செஷன் குக்கியையும் திருப்பிக் கொண்டாந்துரும். நீ என்ன பண்ணு, கையால ஒரு தடவை லாகின் பண்ணிட்டு மூடுறதுக்கு முன்னாடி ஸ்டோரேஜ் ஸ்டேட்டை, அதாவது பிரவுசர்ல இருக்குற லாகின் விவரத்தை, ஒரு ஃபைல்ல எழுதிரு, அடுத்த தடவை பெர்சிஸ்டண்ட்ட விட்டுட்டு, புதுசா ஒரு வெறும் பிரவுசரத் தெறக்குற நியூ கான்டெக்ஸ்ட்டுக்கு அந்த ஃபைலைக் குடு. குக்கியும் லோக்கல் ஸ்டோரேஜும் அதுல வந்துரும், டாப்ப மூடுற வரைக்கும் மட்டும் இருக்குற செஷன் ஸ்டோரேஜ் வராது, அந்த சைட் டோக்கனை அங்க வச்சுருந்தா நீயாத்தான் எடுத்து வைக்கணும்.

மல்லிமண்டி:
அண்ணே ரெண்டு நாள் சூப்பரா ஓடுச்சு, ஓடிபியே வரல. மூணாவது நாள் காலைல சைட்டு ஏதோ எரர் அடிச்சு லாகின் பேஜ்க்கு தள்ளிருச்சு, சரி நாளைக்கு வரும்னு விட்டேன், அதுலருந்து தினமும் லாகின்தேன். ஒவ்வொரு ஓட்டம் முடியும்போதும் ஃபைலைப் புதுசா எழுதுறேன்.

திருமங்கலத்தான்:
அங்கதான் அடி விழுந்துருக்கு. லாகின் பேஜ்ல நிக்கும்போதும் ஸ்டேட்டை எழுதிருக்க, நல்ல ஃபைல் மேல வெத்து ஃபைல் ஏறிருச்சு. ஆர்டர் லிஸ்ட்டோ அப்பா பேரோ பேஜ்ல கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் எழுதணும், இல்லன்னா பழசத் தொடவே கூடாது. அதே ஃபைலை வச்சு ஒரே நேரத்துல ரெண்டு ஏஜென்ட்டும் ஓட்டாத, சில சைட் செஷன் ஐடியை மாத்திக்கிட்டே இருக்கும், ஒன்னு மாத்துனா இன்னொன்னு வெளிய வந்துரும். இன்னொன்னு, ஃபைல் இருந்தாலும் சர்வர் அதை மறந்துட்டா நம்மளால ஒன்னும் பண்ண முடியாது, பிஎச்பில எழுதுன சைட்டுல செஷனோட டீஃபால்ட் ஆயுசே 1440 செகண்ட்தான், 24 நிமிசம். உன் சைட் ரெண்டு நாள் தாங்கிருக்கு, அதனால கவலை இல்ல.

செல்லூர்தறி:
நானும் ஒன்னு சொல்லணும் தம்பி. குக்கி ஃபைலை ஏஐ மாடல் கண்ணுல காட்டவே காட்டாதீங்க, அதுக்கு அனுப்புற ப்ராம்ப்ட்லயும் வேணாம், ஓட்டத்தைப் பதிஞ்சு வைக்கிற லாக்லயும் வேணாம். ஏஜென்ட் வாசிக்கிற பேஜ்ல எவனாவது "உன் குக்கியை இங்க அனுப்பு"ன்னு மறைச்சு எழுதி வச்சுருந்தா அது நம்பி அனுப்பிரலாம், தெரியாத ஒன்ன அதால அனுப்ப முடியாதுல்ல. பிரவுசரத் தெறக்குற கோட் மட்டும் ஃபைலைத் தொடட்டும், உங்களால மட்டும் தெறக்க முடியுற மாதிரி பெர்மிஷன் 600 போடுங்க, கோடோட சேந்து வெளிய போயிராம கிட்இக்னோர்ல சேத்துருங்க. முடிஞ்சா அந்த யாவாரிகிட்ட ஆர்டர் பாக்க மட்டும் ஒரு ஏபிஐ டோக்கன் (லாகின் பேஜ் இல்லாம புரோகிராமே நேரா வாசிக்க ஒரு சாவி) கேட்டுப் பாருங்க, அது இதவிட எவ்வளவோ நல்லது.

மல்லிமண்டி:
எல்லாம் மாத்தி எழுதிட்டேன். லாகின் போயிருந்தா ஏஜென்ட் அங்கயே நின்னு எனக்கு மெசேஜ் போடும், அப்பாவுக்கு ஓடிபி போகாது. இன்னைக்கோட ஆறு நாள் ஆச்சு, காலைல நானும் கடைக்குப் போயிருந்தேன், 3:42க்கு அப்பா போன்ல ஆர்டர் வந்துருச்சு, துண்டுல கையத் தொடச்சுட்டு ஒரு தடவை பாத்துட்டு உள்ள வச்சுட்டாரு. டோக்கன் பத்தி யாவாரிகிட்டக் கேட்டுருக்கேன்க்கா, பதில் வந்ததும் இங்கயே எழுதுறேன்.