கிளாப்டன் ஆவணப்படம் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அந்த 1976 பகுதி மனதை விட்டுப் போகவில்லை

வெள்ளவத்தை கிற்றார்

நேற்று இரவு இங்கிலாந்துக் கிற்றார் கலைஞர் எரிக் கிளாப்டன் பற்றிய ‘லைஃப் இன் 12 பார்ஸ்’ ஆவணப்படத்தைப் பார்த்து முடித்தேன். அமெரிக்காவில் ஷோடைம் தொலைக்காட்சியில் 2018 பெப்ரவரியிலேயே போய்விட்டது, எனக்கு இப்போதுதான் கிடைத்தது. விடிய ஆறு மணிக்கு வேலைக்கு எழும்ப வேண்டியவன் ஒரு மணி வரைக்கும் முழித்திருந்து பார்த்தேன், முடிந்த பிறகும் நித்திரை வரவில்லை.

முதல் பாதி என்னை அப்படியே பிடித்து இருத்திவிட்டது. ரிப்லி என்ற சின்ன ஊரில் அம்மம்மாவையும் அவருடைய கணவரையும் தாய் தகப்பன் என்று நினைத்து வளர்கிற பையன், அக்கா என்று நினைத்தவர்தான் பெற்ற தாய் என்று ஒன்பது வயதில் தெரிந்துகொள்கிறான். அந்தத் தாய் ஊருக்கு வருகிறபோது இனி அம்மா என்று கூப்பிடலாமா என்று கேட்கிறான், அவர் வேண்டாம் என்கிறார். இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு பல்கனியில் போய் நின்றேன். கடைசி ரயிலும் போய்விட்டிருந்தது, கடல் சத்தம் மட்டும்தான்.

ஆனால் நான் கேட்க வந்தது வேறு. 1976 ஆகஸ்ட் 5ஆம் திகதி, பேர்மிங்ஹாம் ஓடியன் மண்டபத்தில் குடித்துவிட்டு மேடையேறி, வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் எல்லாரும் போக வேண்டும், குடியேற்றத்தை எதிர்த்த அரசியல்வாதி ஈனொக் பவலை ஆதரியுங்கள் என்று சபையைப் பார்த்துச் சொன்ன விஷயம். நான் இதைக் கேள்விப்பட்டதே இல்லை! பதினேழு வருடமாக இந்த மனுஷனுடைய வாசிப்பைக் கேட்டுக் கேட்டே பழகியவன் நான். அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் ஜமேக்காக்காரரான பொப் மார்லியின் பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்திருந்தார், வாழ்நாள் முழுக்க அமெரிக்கக் கறுப்பின ப்ளூஸ் கலைஞர்களான பி.பி. கிங்கையும் ரொபர்ட் ஜோன்சனையும் கும்பிட்டவர், அவருடைய வாயிலிருந்து எப்படி அப்படி வந்தது? படத்தில் அதைப் பற்றி அவரே பேசுகிறார், தன்மேலேயே வெறுப்பு வந்தது என்கிறார், சரி, ஆனால் கொஞ்ச நேரத்தில் அது முடிந்து கதை அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கல்யாண வரவேற்புகளில் வாசிக்கிறோம். வருகிற சனிக்கிழமை என் மச்சாளின் வரவேற்பு, அவள் கேட்டிருக்கிற பாட்டு கிளாப்டனின் ‘வொண்டர்ஃபுல் டுநைட்’. இன்று காலை கிற்றாரை எடுத்து ஆரம்பத்தில் வருகிற அந்தச் சின்னத் துண்டை வாசிக்கப் போனேன், மனம் வரவில்லை, வைத்துவிட்டேன். பார்த்தவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு அந்த இடம் எப்படி இருந்தது? அதற்குப் பிறகும் முன்னைப் போலக் கேட்க முடிகிறதா?

பழைய கசற்

தம்பி, நான் 1958ல் பிறந்தவன், பம்பலப்பிட்டிக்காரன். கிளாப்டன் இருந்த கிறீம் குழுவை இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில்தான் முதலில் கேட்டேன். பிறகு ரெக்கோடிங் பார் காலம் வந்தது. வெற்றுக் கசற்றையும் கொப்பித் தாளில் எழுதிய பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் ஒரு கிழமையில் பதிந்து தருவார்கள். 90 நிமிடக் கசற் என்றால் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம், கடைசிப் பாட்டு எப்போதும் பாதியில் அறுந்துவிடும். சில பாட்டுகள் எப்படி முடிகின்றன என்று எனக்கு வருடக்கணக்காகத் தெரியாது.

83 ஜூலைக் கலவரத்தில் நாங்கள் உடுத்த உடுப்போடு வீட்டை விட்டு வெளியே வந்தோம். இந்துக் கல்லூரி முகாமில் இரண்டு கிழமை இருந்துவிட்டுத் திரும்பிப் போனால் சுவர்கள் மட்டும்தான் நின்றன. என்னிடம் ஏழு எல்பி இசைத்தட்டு இருந்தது. அதில் ஒன்று இடிந்த அலுமாரிக்குப் பின்னால் சூட்டில் உருகி, அப்பளம் பொரித்த மாதிரி ஓரமெல்லாம் மேலே வளைந்து கிடந்தது. நடுவில் ஒட்டியிருந்த தாளில் பாதி எழுத்து இன்னும் வாசிக்க முடிந்தது, பார்த்தால் ஜோன் மேயோலோடு கிளாப்டன் 1966ல் வாசித்த ப்ளூஸ் ரெக்கோட். அதை நான் அம்மாவிடம்கூடக் காட்டவில்லை.

ஆகவே ஒரு ஜனக்கூட்டத்துக்கு முன்னால் நின்று “இவர்கள் போக வேண்டும்” என்று ஒருவர் சொன்னால் அது எங்கே போய் நிற்கும் என்பதை எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. குடிவெறியில் சொன்னது என்கிறார்கள். அவர் ஹெரோயினில் கிடந்ததும், அதை விட்ட பிறகு குடியில் விழுந்ததும் உண்மைதான், படத்தில் அந்த வருடங்களைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. அதற்காக அந்தப் பேச்சை நான் குடியின் கணக்கில் எழுதித் தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்கிறேன். அந்த 1966 ரெக்கோட்டை நான் பிறகு சீடியாகத் தேடி வாங்கினேன். லெஸ் போல் கிற்றாரை மார்ஷல் அம்ப்பில் போட்டு, ஸ்டூடியோவில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லியும் கேட்காமல் மேடையில் வாசிக்கிற அளவுக்கே வாசித்திருக்கிறார், அப்போது அவருக்கு 21 வயது. எரிந்த வீட்டிலிருந்து நான் திரும்ப எடுத்துக்கொண்ட ஒரே பொருள் அந்தச் சத்தம்தான், அதை அவரிடம் கொடுக்க நான் தயாரில்லை. 76க்குப் பிறகு வந்தவற்றை மனம் வைத்துக் கேட்டது குறைவு. இது என் கணக்கு, உங்களுக்கும் இதுதான் சரி என்று சொல்ல வரவில்லை.

கொட்டாஞ்சேனை ரீச்சர்

படத்தை எடுத்தவர் லிலி ஃபினி ஸனுக். அவர் 1991ல் எடுத்த ‘ரஷ்’ படத்துக்குத்தான் கிளாப்டன் மகனை இழந்த பிறகு ‘டியர்ஸ் இன் ஹெவன்’ பாட்டைக் கொடுத்தார், இரண்டு பேருக்கும் பழைய பழக்கம். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் எங்கே நின்று பார்க்கிறது, எங்கே அவசரப்படுகிறது என்பது விளங்கும். சிநேகிதி எடுத்த படம். அதனால்தான் பொய்யில்லாமலும் இருக்கிறது, 76க்குப் போதிய நேரம் கொடுக்காமலும் இருக்கிறது. கமெராவுக்கு முன்னால் ஆட்களை இருத்திப் பேசவைக்காமல், பழைய காட்சிகளுக்கு மேல் குரல்களை மட்டும் ஓடவிட்டது எனக்கு மிகவும் பிடித்தது, அம்மம்மா ரோஸின் குரல் உட்பட. கடைசி இருபத்தைந்து வருடத்தை ஓட்டமாக ஓடி முடித்தது குறைதான். அன்டிகுவாவில் 1998ல் போதைக்கு அடிமையானவர்களுக்காக அவர் தொடங்கிய சிகிச்சை நிலையத்தைப் பற்றியும், அதற்காக ‘பிளாக்கி’ என்ற கிற்றாரையே 2004ல் ஏலத்தில் விட்டு 959,500 டொலர் சேர்த்ததைப் பற்றியும் நான் இன்னும் பார்க்க விரும்பினேன். மூன்று பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களின் நல்ல பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய கிற்றார் அது, பதினைந்து வருடத்துக்குக் கிட்ட மேடைக்கு மேடை அவரோடு போனது.

தம்பி, உங்கள் கை விஷயத்துக்கு வருகிறேன். நான் பிள்ளைகளுக்குக் கிற்றார் படிப்பிக்கிறேன். கிளாப்டன் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கிற இடம் வந்தால் வீடியோவை நிறுத்தி இடது கையைப் பாருங்கள் என்பேன். கட்டைவிரல் கழுத்தை விட்டு விலகிவிடும், உள்ளங்கையும் தொடாது, ஒரே ஒரு விரல்நுனி மட்டும் கம்பியில் நிற்க முழுக் கையும் மணிக்கட்டோடு சேர்ந்து ஆடும். நாங்கள் எல்லாரும் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விரலை மட்டும் நடுக்குவோம், அதனால்தான் ஆட்டு நடுக்கம் மாதிரிக் கேட்கும். அவருடையது மெதுவாக, ஒரே சீராக, ஒருவர் அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி. இதை அவர் பி.பி. கிங் போன்றவர்களின் ரெக்கோட்டைக் கேட்டுத்தான் எடுத்தார், பி.பி. கிங் ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பியில் பருத்தி பறித்து வளர்ந்தவர். நான் அதைப் படிப்பிக்கும்போது முதலில் பி.பி. கிங்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன், பிறகுதான் இவர். யாருடையது யாரிடம் போனது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெஹிவளை மருமகன்

ரீச்சர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் “பொய்யில்லாமல்” என்ற இடத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிக்கவில்லை. 2004ல் ஒரு இசைச் சஞ்சிகைப் பேட்டியில்கூட அவர் பவலைத் துணிச்சல்காரர் என்றுதான் சொன்னார். அப்போது குடியை விட்டுப் பல வருடம். அதைப் படம் தொடவேயில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

என் மாமா 1975ல் படிக்க லண்டனுக்குப் போனவர். பகலில் கணக்கியல் வகுப்பு, இரவில் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. 76 கோடை அங்கே பயங்கரமான வெயில், மழையே இல்லை. அந்த ஜூனில்தான் லண்டனின் சவுத்தோலில் 18 வயது சீக்கியப் பையனைக் குத்திக் கொன்றார்கள். அதற்குப் பிறகு மாமா இரவு வேலை முடிந்ததும் தனியே நடந்து வருவதில்லை, விடியும்வரை கதவைப் பூட்டிக்கொண்டு கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்துவிட்டு முதல் பஸ்ஸில் அறைக்கு வருவாராம். ஆகஸ்டில் கிளாப்டன் பேசியதை அறிந்த அன்றைக்கு, அறையில் ஒட்டியிருந்த கிறீம் படத்தைக் கழற்றி மடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். கிழிக்கவில்லை. ஏன் கிழிக்கவில்லை என்று கேட்டேன். “காசு கொடுத்து வாங்கினது தம்பி” என்றார், அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது, அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான் இசைப் பத்திரிகைகளில் ஒரு கடிதம் வந்து ‘ரொக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ என்ற இனவெறி எதிர்ப்பு இயக்கம் தொடங்கியது. 1978 ஏப்ரல் 30, ட்ரஃபல்கார் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பார்க் வரை ஆயிரமாயிரம் பேர் நடந்து போனார்கள், அங்கே கிளாஷ் குழு வாசித்தது. மாமா அந்த ஊர்வலத்தில் போனார். லண்டனில் தெருவின் நடுவால் பயமில்லாமல் நடந்த முதல் நாள் அதுதான் என்பார். நட்சத்திரம் போட்ட வட்ட பட்ஜ் ஒன்று இன்னும் வைத்திருக்கிறார், பின்பக்க ஊசி துருப்பிடித்துவிட்டது.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லவா வேண்டாமா என்று யோசித்தேன். உங்கள் மச்சாள் கேட்ட பாட்டை அவர் எழுதியது 1976 செப்டம்பர் 7. போல் மக்கார்ட்னி வைத்த விருந்துக்குப் போக அவருடைய காதலி பேட்டி பொய்ட் உடுத்தி முடிக்கும்வரை கீழே காத்துக்கொண்டிருந்த நேரத்தில் எழுதினாராம். பேர்மிங்ஹாமுக்கும் அதற்கும் இடையில் 33 நாள். அதே வாய், அதே வருடம். நான் அந்தப் பாட்டை வெறுக்கவில்லை, என் அக்காவின் கல்யாணத்திலும் அதைத்தான் போட்டார்கள். ஆனால் திகதியைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அது முன்னைப் போல இல்லை.

இரண்டு பிள்ளைகளின் அப்பா

நீங்கள் எல்லாரும் 76ஐப் பற்றிக் கதைக்கிறீர்கள், அது தேவைதான். எனக்கு நெஞ்சில் நிற்பது கடிதம். கிளாப்டனின் நான்கு வயது மகன் கொனர் 1991 மார்ச் 20ல் நியூயோர்க்கில் 53ஆம் மாடி ஜன்னலால் விழுந்து போய்விட்டான். லண்டனுக்குத் திரும்பிய தகப்பனுக்குத் தபாலில் ஒரு கடிதம் வருகிறது, எழுதப் பழகிய கையால் மகன் முன்னமே எழுதிப் போட்டது, உங்களை நேசிக்கிறேன் என்று. அந்த இடத்தில் நான் எழும்பிப் போய்ப் பிள்ளைகளின் அறை ஜன்னல் கொக்கி போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். எங்களுடையது ஆறாம் மாடி. அடுத்த நாளே ஆளைக் கூப்பிட்டு கிறில் போட்டுவிட்டேன். அந்த மனுஷன் அதற்குப் பிறகு ஒரு நாள்கூடக் குடிக்கவில்லை, அது எனக்குப் பெரிய விஷயம்.

வெள்ளவத்தை கிற்றார்

எல்லாருக்கும் நன்றி. பழைய கசற் அண்ணை, அந்த வளைந்த எல்பியைப் பற்றி வாசித்துவிட்டு அப்பாவிடம் போய் 83ஐப் பற்றிக் கேட்டேன், இதுவரை நான் கேட்டதே இல்லை. அப்பா ஒரு மணித்தியாலம் கதைத்தார். அப்பாவும் அதே இந்துக் கல்லூரி முகாமா என்று தெரியவில்லை, நாளைக்குக் கேட்கிறேன்.

33 நாள் கணக்கு என்னை நன்றாக உலுக்கிவிட்டது. தெஹிவளை, சொன்னதற்குக் கோபமில்லை, தெரியாமல் வாசிப்பதைவிடத் தெரிந்து வாசிப்பது நல்லது. மச்சாளிடமும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அது செத்துப்போன தன் அப்பா குசினியில் நின்று பாடுகிற பாட்டு, எனக்கு அது அப்பாவின் பாட்டுத்தான் அண்ணா என்றாள். ஆகவே சனிக்கிழமை வாசிக்கிறேன், ஒரு தரம், அவளுக்காக. எங்கள் குழுவின் வழக்கமான பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடுவோம் என்று மற்ற மூன்று பேரிடமும் சொன்னேன். கீபோர்ட் வாசிப்பவன் சம்மதிக்கவில்லை, கல்யாணத்துக்குக் கல்யாணம் கேட்பார்களே என்கிறான், அது இன்னும் முடியவில்லை.

ரீச்சர் அக்கா, நீங்கள் சொன்னபடி கட்டைவிரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு வாசித்துப் பார்த்தேன். விரல்நுனி வழுக்கி இரண்டாம் கம்பி கையை விட்டுப் போகிறது, ஆட்டமும் ஒரே சீராக வரவில்லை. கம்பியை மேலே தள்ளிய பிறகுதான் கையை விட வேண்டுமா, தள்ளும்போதே விடலாமா? நேரம் இருந்தால் பதில் போடுங்கள், இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது.